ஹாரியட் பவர்ஸ் அம்மையார்

தம் நினைவு தமக்குப் பின்னும் நிலைத்தல் வேண்டும் என்னும் அவா மக்கள் யாவர்க்கும் பொதுவானது. மன்னர் கல்லில் வெட்டினர்; புலவர் ஏட்டில் எழுதினர்; ஓவியர் சுவரில் தீட்டினர். கல்லும் ஏடும் சுவரும் தமக்கு உரிமையில்லாதார் தம் நினைவை எதன்கண் பொறிப்பர்? இவ்வினாவிற்கு விடையாக விளங்குகின்றது, வட அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமையாய்ப் பிறந்து, ஏழையாய் உழைத்து, 1910-ஆம் ஆண்டில் மறைந்த ஹாரியட் பவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் வாழ்க்கை. அவர் பெரும்படை நடத்தியவர் அல்லர்; சொன்மாரி பொழிந்தவரும் அல்லர். துணித்துண்டுகளை வெட்டி, ஒட்டி, ஊசியும் நூலும் கொண்டு இரண்டு போர்வைகளைத் தைத்தார். அவ்விரண்டும் இன்று அமெரிக்க நாட்டின் பெருங் கலைச்செல்வங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

போர்வைத் தொழில்

அம்மையாரின் வரலாற்றிற்குள் புகுமுன், அவர் கைக்கொண்ட தொழிலின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நலம். ஆங்கிலர் ‘குவில்ட்’ என்று வழங்கும் போர்வை மூன்று அடுக்குகளை உடையது. மேலே அழகு செய்யப்பட்ட முகத்துணி. கீழே எளிய உட்டுணி. இரண்டிற்கும் நடுவே குளிர் தாங்கும் பஞ்சுப் படலம். இம்மூன்றும் தம்முள் விலகாதவாறு மேலிருந்து கீழாக ஊடுருவிச் செல்லும் நெருங்கிய தையலால் அவற்றைப் பிணிப்பர். முகத்துணியை ஆக்குவதில் இரு முறைகள் உண்டு. சிறு சிறு துண்டுகளை விளிம்போடு விளிம்பாக இணைத்துச் செல்லுதல் ஒன்று. பரந்த துணியின்மேல் மனிதர், விலங்கு, பறவை, மலர் முதலிய வடிவங்களாக வெட்டிய துண்டுகளைப் பதித்து ஓரம் தைத்தல் மற்றொன்று. நம் அம்மையார் பெரிதும் மேற்கொண்டது இப்பதிப்பு முறையே.

துணி அருமையாயிருந்த அந்நாளில் எந்தக் கந்தலும் எறியப்படவில்லை. தந்தையின் கிழிந்த சட்டையும், தாயின் நைந்த பாவாடையும், இறந்துபோன குழந்தையின் சிற்றாடையும் ஒரே போர்வையில் இடம்பெறும். ஆதலின் அது குளிர்க்கு மட்டும் அரணாகாது. குடும்பத்தின் நினைவேடாகவும் அமையும். புது நிலம் தேடி மேற்றிசை செல்லும் அன்பர்க்கு, ஊரிலுள்ளோர் ஆளுக்கொரு துண்டில் தம் பெயரைத் தைத்துப் போர்வையாக்கி வழியனுப்பும் வழக்கமும் அந்நாட்டில் இருந்தது. அடிமைப் பெண்களுக்கோ இத்தொழில் இருவகையாயிற்று. பகலில் எசமானியின் மாளிகைக்குத் தைத்தனர். இரவில் எஞ்சிய கந்தல்களைக் கொண்டு தம் குடிசையிற் கிடக்கும் பிள்ளைகளுக்குத் தைத்தனர். முன்னையதில் எசமானியின் விருப்பம் நின்றது. பின்னையதில் தையற்காரியின் உள்ளம் நின்றது.

பிறப்பும் இளமையும்

ஹாரியட் அம்மையார் 1837-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் நகரை அடுத்த பகுதியில் பிறந்தார். ஜார்ஜியா பருத்தி விளையும் நாடு. அப்பருத்தியை விதைத்ததும் களையெடுத்ததும் கொய்ததும் அடிமைகளின் கைகளே. அடிமை என்பவர் சட்டத்தின் கண்ணில் ஆள் அல்லர், பொருள். அவரை விற்கலாம், வாங்கலாம், கடனுக்கு ஈடு வைக்கலாம், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வேற்றூருக்கு அனுப்பலாம். 1829-ஆம் ஆண்டிலேயே, அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் குற்றம் என்று ஜார்ஜியா சட்டம் இயற்றியிருந்தது. எழுத்தறிந்தவன் சிந்திப்பான், சிந்திப்பவன் அடிமையாயிருக்க இசையான் என்னும் அச்சமே இத்தகைய சட்டங்களுக்கு வேராகும்.

இந்நிலையில் பிறந்த ஒரு பெண் கல்வி பெற்றிருத்தல் இயலாது என்றே நெடுங்காலம் ஆராய்ச்சியாளர் கருதி வந்தனர். அவர் எழுதப்படிக்கத் தெரியாதவர் என்றும், தேவாலயத்திற் கேட்ட கதைகளையே நினைவிலிருந்து தைத்தார் என்றும் நூல்கள் உரைத்தன. ஆனால் 1896-ஆம் ஆண்டில் அம்மையார் அயோவா மாநிலத்துப் பெண்மணி ஒருவர்க்கு அனுப்பிய கடிதத்தின் படி ஒன்றைக் கைரா ஹிக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டெடுத்து 2009-ல் வெளிப்படுத்தினார். எசமானரின் பிள்ளைகள் வாயிலாகத் தாம் இளமையில் எழுத்தறிந்தமையும், பின்னர்த் தம் முயற்சியால் வேதாகமத்தைக் கற்றமையும் அதனால் விளங்கின. இதனை நாம் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். எழுத்தறிவைச் சட்டம் ஒருமுறை மறுத்தது. அவர் மறைந்தபின் உலகத்தாரின் ஊகம் இரண்டாமுறை மறுத்தது. ஏழைகளைப்பற்றி ஆராயாது முடிவுகட்டுதல் எத்துணைத் தீது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இல்லறமும் விடுதலையும்

1855-ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் அகவையளவில், ஹாரியட் அம்மையார் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். அவர்களுக்கு ஒன்பது மக்கள் பிறந்தனர் என்பர். மூத்த மக்கள் அடிமைகளாகவே பிறந்தனர். 1861-ல் வடபுல மாநிலங்களுக்கும் தென்புல மாநிலங்களுக்கும் போர் மூண்டது. நான்காண்டுகள் நிகழ்ந்த அக்கொடும்போரின் முடிவில், 1865-ல், அமெரிக்க நாடு முழுதும் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அப்பொழுது அம்மையார்க்கு வயது இருபத்தெட்டு.

விடுதலை பெற்றனரேயன்றி வாழ்வதற்கு நிலமோ பொருளோ பெற்றாரிலர். கணவர் பண்ணைவேலை செய்தார். மனைவி இல்லம் பேணினார். தையலாலும் ஊதியம் ஈட்டினார். பல்லாண்டு உழைப்பின் பயனாக 1880-களில் இவர்கள் நான்கு ஏக்கர் நிலத்திற்கு உரியவராயினர். தம் உடலே தமக்கு உரியதன்று என்று சட்டம் கூறிய நாளில் பிறந்தவர்கள், தம் நிலத்தில் தாமே ஏர் நடத்தினர். நான்கு ஏக்கர் என்பது செல்வர்க்குச் சிறிது. இவர்களுக்கோ அஃது ஒரு நாடு.

முதற்போர்வை

1886-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் பருத்திக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. பலவகை விளைபொருள்களும் கைவினைகளும் அங்கே குவிந்திருந்தன. ஒரு மூலையில் தொங்கிய போர்வை ஒன்று, அந்நகரத்து லூசி காப் என்னும் பெண்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் என்பாரின் கண்ணைக் கவர்ந்தது. அதுபோன்றதோர் ஆக்கத்தை அவர் யாண்டும் கண்டதில்லை. அதனைத் தைத்தவர் யார் என்று உசாவி, நகர்ப்புறத்தில் சிறு பண்ணையில் வாழ்ந்த ஹாரியட் அம்மையாரைத் தேடிக் கண்டார், விலைக்குக் கேட்டார். அம்மையார், எவ்விலைக்கும் அதனைத் தர இயலாது என்று மறுத்துவிட்டார்.

அப்போர்வை ஏறத்தாழ 75 அங்குலமும் 89 அங்குலமும் அளவுடையது. மூன்று வரிசையாகப் பதினொரு கட்டங்கள். கட்டந்தோறும் வேதாகம நிகழ்ச்சி ஒன்று. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் நிற்கின்றனர். அருகே சர்ப்பம் நெளிகின்றது. காயீன் ஆபேலைக் கொல்கின்றான். இரத்தம் ஓடையாகப் பாய்கின்றது. காயீன் மனைவியை நாடி நோத் தேசம் செல்கின்றான்; கரடியும் சிறுத்தையும் பிற விலங்குகளும் அவனைச் சூழ்கின்றன. யாக்கோபு கனவில் ஏணியைக் காண்கின்றான். ஏழு விண்மீன்களிடையே சாத்தான் தோன்றுகின்றான். இயேசு பெருமான் ஞானஸ்நானம் பெறும்போது ஆவியானவர் புறா வடிவில் இறங்குகின்றார். சிலுவைக் காட்சியில் கதிரும் மதியும் இருண்டு நிற்கின்றன. இறுதிக் கட்டத்தில் யோசேப்பும் மரியாளும் குழந்தை இயேசுவும் பெத்லகேம் விண்மீனோடு காட்சியளிக்கின்றனர்.

இவ்வடிவங்களில் கண்ணும் மூக்கும் நுணுகித் தைக்கப்படவில்லை. நிழலுருப் போன்று நிற்கும் அவை கைகளை விரித்தும் உயர்த்தியும் தம் உணர்ச்சியைப் புலப்படுத்துகின்றன. கடைசி இராப்போஜனத்தில் சீடரின் தொகையை ஏழாகச் சுருக்கினார் அம்மையார். ஏனையோர்க்கெல்லாம் புள்ளியிட்ட வெள்ளாடை அணிவித்தவர், யூதாஸுக்கு மட்டும் மங்கிய நிறத்து ஆடை தைத்தார். நிறம் குன்றிய ஆடையே குணம் குன்றியவனைக் காட்டிக்கொடுக்கின்றது. துணியைத் தேர்ந்தெடுத்தலிலேயே ஒழுக்கத்தின் உரைகல்லை வைத்த நுண்மை வியக்கத்தக்கதன்றோ? யூதாஸ் பெற்ற முப்பது வெள்ளிக்காசுகளையோ பச்சைத் துணியில் வெட்டிப் பதித்தார். கையிலுள்ள துண்டைக்கொண்டே கருத்தை முடித்தல் வறியோர் கலையின் இயல்பு.

இத்தகைய பதிப்புத் தையலுக்கும், ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் தகோமி நாட்டார் செய்து வந்த துணிச்சித்திரங்களுக்கும் ஒற்றுமை உளது என்று அறிஞர் பலர் சுட்டியுள்ளனர். தகோமி அமைந்திருந்த நிலப்பகுதி இன்று பெனின் என்னும் நாட்டில் அடங்கும். அம்மையார் ஆப்பிரிக்காவைக் கண்டவர் அல்லர். ஆயினும் சங்கிலியிற் பிணித்துக் கப்பலேற்றிய முன்னோரின் கைப்பழக்கம், தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேர்த்திக்கும் ஊசிவழியே இறங்கி வந்திருத்தல் கூடும். மொழியைப் பறிக்கலாம், பெயரை மாற்றலாம், கையறிந்த தொழிலைப் பறிப்பது அரிது.

ஐந்து டாலர்

கண்காட்சிக்குப் பின் சில ஆண்டுகள் கழிந்தன. பருத்தியின் விலை வீழ்ந்தது; சிறுகுடியானவர் நிலை தாழ்ந்தது. பவர்ஸ் குடும்பத்தையும் வறுமை பற்றியது. முன்னர் எவ்விலைக்கும் தாரேன் என்ற அம்மையார், போர்வையை விற்க இசைவதாகத் தாமே ஸ்மித் அம்மையாருக்குத் தெரிவித்தார். அப்பொழுது ஸ்மித்திடம் பணம் இல்லை. பின்னர் 1891-ல் ஸ்மித், இன்னும் விற்கும் எண்ணம் உண்டாயின் வாங்குவதாகச் சொல்லியனுப்பினார்.

அம்மையார் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். தூய மாவுச்சாக்கொன்றில் போர்வையைப் பொதிந்து, அதன்மேல் கோணிப்பை சுற்றி, மடியில் ஏந்தி வந்தார். விலை பத்து டாலர் என்றார். ஐந்து டாலருக்குமேல் கொடுக்க இயலாது என்றார் ஸ்மித். அம்மையார் எழுந்து வெளியே சென்றார். வண்டியருகே நின்ற கணவரோடு கலந்தார். காலம் கடினமாயிருத்தலின் கொடுத்ததை வாங்கிக்கொள்வதே தக்கது என்று கணவர் அறிவுரை கூறினார். அம்மையார் திரும்பி வந்து, போர்வையை ஒப்படைத்து, ஐந்து டாலரைப் பெற்றுக்கொண்டார்.

ஆனால் உடனே அகன்றாரல்லர். கட்டங்கட்டமாக விரல்வைத்து ஒவ்வொன்றன் பொருளையும் விளக்கினார். ஸ்மித் அவற்றைக் கேட்டு எழுதிவைத்தார். தம்மிடம் எஞ்சும் துணித்துண்டுகளையெல்லாம் அம்மையாருக்கெனச் சேர்த்து வைப்பதாகவும் வாக்களித்தார். அவ்வாக்குறுதி அம்மையாரின் துயரை ஓரளவே ஆற்றியது. பின்னரும் அவர் பலமுறை ஸ்மித்தின் இல்லம் சென்று தம் போர்வையைக் கண்டு மீண்டார் என்று ஸ்மித்தே குறித்துள்ளார். விற்ற பொருளை மீண்டும் மீண்டும் சென்று காண்பார் உளரோ? தத்துக்கொடுத்த மகவைக் காணச் செல்லும் தாயின் செயலன்றோ இது!

ஈண்டு ஒரு கேள்வி எழுகின்றது. கேட்ட விலையிற் பாதி கொடுத்து வாங்கிய ஸ்மித் அம்மையாரை நாம் எவ்வாறு மதிப்பது? வறியவரின் இடுக்கணில் ஊதியம் கண்டார் என்று அவரைப் பழித்தல் எளிது. அதன்கண் உண்மையும் உண்டு. வாங்குபவர் வெள்ளையர், விற்பவர் அடிமையாய்ப் பிறந்த கறுப்பினத்தவர் என்னும் நிலையில் அப்பேரம் ஒத்தார் இருவரிடை நிகழ்ந்த பேரம் அன்று. ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. ஊரார் வேடிக்கையாய்க் கண்டு கடந்துபோன போர்வையில் கலையைக் கண்டவர் ஸ்மித் ஒருவரே. அவர் எழுதிவைத்த குறிப்பு இல்லையேல், பச்சைத்துண்டுகள் வெள்ளிக்காசுகள் என்பதையோ, மங்கிய ஆடையன் யூதாஸ் என்பதையோ நாம் இன்று துணிந்து கூறமாட்டோம். ஆதலின் அவர் செய்த நன்மையையும் மறவாது, கொடாது விட்ட ஐந்து டாலரையும் மறவாது, இரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்தலே நடுவுநிலைமையாகும். நமக்கு இதனாற் பெறப்படும் பாடமும் ஒன்று உண்டு. ஏழையின் கைவினையைப் போற்றுவோர் போற்றுதலோடு அமையாது, அதற்குரிய விலையையும் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாம் போர்வை

1895-ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் முதற்போர்வை வைக்கப்பட்டது. கறுப்பின மக்களின் ஆக்கங்களுக்கென அங்கே தனிக்கட்டிடம் ஒன்று இருந்தது. ஏறத்தாழ அக்காலத்திலேயே அம்மையார் இரண்டாம் போர்வையைத் தைத்தார். இஃது 69 அங்குலமும் 105 அங்குலமும் அளவுடையது. வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசையில் பதினைந்து கட்டங்களைக் கொண்டது. கறுப்பின மாணவர்க்கென நிறுவப்பட்ட அட்லாண்டா பல்கலைக்கழகத்து ஆசிரியர்தம் மனைவியர், 1898-ல் இதனைச் சார்லஸ் கத்பர்ட் ஹால் என்னும் போதகர்க்கு அன்பளிப்பாக ஈந்தனர். அவர் நியூயார்க் யூனியன் இறையியற் கல்லூரியின் தலைவர். இந்தியர்க்கும் அவர் அயலார் அல்லர். பாரோஸ் சொற்பொழிவுகளை நிகழ்த்துமாறு 1902, 1903-ஆம் ஆண்டுகளில் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்து, கற்றோர் அவைகளிற் பேசியவர். நம்மவர் கேட்ட அச்சொற்பொழிவாளரின் உடைமைகளுள் ஹாரியட் அம்மையாரின் போர்வையும் ஒன்றாயிருந்தது என்பது நினைக்க இன்பம் பயப்பது.

இரண்டாம் போர்வையின் தனிச்சிறப்பு யாதெனின், வேதாகம வரலாறும் மக்கள் நினைவும் அதன்கண் ஒன்றோடொன்று கலந்து நிற்றலே. பகைவர்க்காக வேண்டுதல் செய்யும் யோபு, கடலில் எறியப்படும் யோனா, சர்ப்பத்தை உயர்த்தும் மோசே, கோபகலசங்களை ஏந்திய தூதர், சிலுவையிலறையுண்ட ஆண்டவர் ஆகியோரின் இடையிடையே அம்மையார் தம் நாட்டில் நிகழ்ந்த அரிய நிகழ்ச்சிகளையும் நாளிட்டுத் தைத்தார்.

அவற்றுள் ஒன்று 1780-ஆம் ஆண்டு மேத்திங்கள் 19-ஆம் நாள். அன்று வடகிழக்கு அமெரிக்காவில் நண்பகலில் இருள் சூழ்ந்தது; கால்நடைகள் தொழுவம் புகுந்தன; கோழிகள் அடைந்தன. காட்டுத்தீயின் புகைப்படலமே அதற்குக் காரணம் என்று இக்கால அறிவியலார் கூறுவர். மற்றொன்று 1833-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள். அன்றிரவு எரிமீன்கள் மழைபோற் பொழிந்தன. உலகம் முடிந்ததென்றே மக்கள் நடுங்கினர். கடவுளின் கை அவ்விண்மீன்களைத் தடுத்து நிறுத்தியது என்று அம்மையார் விளக்கினார். முன்னது அவர் பிறப்பதற்கு 57 ஆண்டு முன்னும், பின்னது 4 ஆண்டு முன்னும் நிகழ்ந்தன. பெற்றோரும் முதியோரும் சொல்லக் கேட்டே இவற்றை அவர் அறிந்திருத்தல் வேண்டும். 1846-ஆம் ஆண்டின் செவ்வொளி இரவோ அவர் எட்டு வயதுச் சிறுமியாயிருந்தபோது நிகழ்ந்தது. இங்ஙனம் முன்னோர் நினைவும் தம் நினைவும் ஒரே நூலால் இணைக்கப்பட்டன.

1895-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாளின் கடுங்குளிரைக் காட்டும் கட்டம் உள்ளத்தை உருக்குவது. வேண்டுதல் செய்தவாறே ஒரு பெண் உறைந்து போகின்றாள். வாயிலிற் சென்ற மற்றொருத்தி அங்கேயே உறைகின்றாள். மாவுப்பையைச் சுமந்தவன் உறைகின்றான். கோவேறு கழுதையின் மூச்சும் பனிக்கட்டியாகின்றது. நீலப்பறவைகள் மடிந்து வீழ்கின்றன. குளிர் போக்கும் போர்வையிலேயே குளிரால் மாண்டாரைத் தைத்துவைத்தார் அம்மையார். போர்த்துக்கொள்வார் போர்வையில்லாரை மறவாதிருத்தற்குப் போலும்!

கடவுளைப்பற்றி ஒன்றும் கற்பிக்கப்படாத வர்ஜீனியாச் செல்வர் இருவரின் கதையும் ஒரு கட்டத்தில் உளது. நின்ற கடிகாரம் மறுநாள் ஒருமணி அடித்து, அவர்கள் அழிவிற்குட் புகுந்தமையைத் தெரிவித்தது என்பது அக்கதை. அதே கட்டத்தின் கீழே ஒரு பன்றி ஓடுகின்றது. பெட்ஸ் என்னும் பெயரிய அது, ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவிற்கு 500 மைல் தன்னிச்சையாய் ஓடியதாம். வேட்டைநாய்க்கும் தடியடிக்கும் தப்பி ஓடிய அடிமைகளின் வரலாறே பன்றியின் கதையாக மறைந்து நிற்கின்றது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். செல்வர்க்குத் தண்டனையும் பன்றிக்கு விடுதலையும் ஒரே கட்டத்தில் அமைந்திருத்தலை நோக்கின், அக்கருத்தைப் புறக்கணித்தல் அரிது.

கடைநாட்கள்

அம்மையாரின் பிற்கால வாழ்க்கை துன்பம் மிக்கது. வறுமையால் நிலம் சிறிது சிறிதாக விலைபோயிற்று. 1890-களின் நடுவில் கணவர் அவரைப் பிரிந்து சென்றார். அம்மையார் மறுமணம் செய்துகொள்ளாது, ஊசியே துணையாகத் தம் வாழ்வைத் தாமே நடத்தினார். அக்காலத்தில் எடுக்கப்பட்ட அவருடைய நிழற்படம் ஒன்று கிடைத்துளது. அதில் அவர் நிமிர்ந்து நின்று நம்மை நேரே நோக்குகின்றார். அணிந்திருக்கும் முன்றானையிலும் கதிர், விண்மீன் போன்ற வடிவங்கள் பதித்துத் தைக்கப்பட்டுள்ளன. முன் குறித்த 1896-ஆம் ஆண்டுக் கடிதத்தில், இராப்போஜனத்தைப் பொருளாகக் கொண்ட வேறொரு போர்வை முதலாகத் தாம் செய்த பிற போர்வைகளையும் அம்மையார் சுட்டியுள்ளார். அவற்றுள் எதுவும் இதுகாறும் கிடைத்திலது. 1910-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல்நாள், தம் எழுபத்திரண்டாம் அகவையில், அம்மையார் உயிர் துறந்தார். ஏதென்ஸ் நகரில் கறுப்பின மக்களுக்குரிய காஸ்பல் பில்கிரிம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

மறைவிற்குப் பின்

கல்லறை புதர் மூடிப்போயிற்று. நடுகல் 2005-ஆம் ஆண்டில்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. கல் மறைந்து கிடந்த காலத்திலும் துணி மறையவில்லை. ஜென்னி ஸ்மித் 1946-ல் மறையும்வரை முதற்போர்வையைத் தம்மிடமே வைத்துக் காத்தார். அதன்பின் அவர்தம் நண்பரிடம் சென்ற அது, 1960-களின் இறுதியில் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. ஹால் போதகரின் மகனிடமிருந்து இரண்டாம் போர்வையை வாங்கிய மாக்சிம் கரோலிக் என்னும் கலைச்சேகரிப்பாளரின் கொடையாக, அஃது 1964-ல் பாஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிச்சாலையைச் சேர்ந்தது.

1992-ஆம் ஆண்டில் ஸ்மித்ஸோனியன் நிறுவனம், முதற்போர்வையைப் போன்ற படிகளைச் சீன நாட்டில் தைப்பித்து விற்க உரிமை வழங்கியபோது, அமெரிக்க நாட்டுப் போர்வைத் தையலார் பலர் அதனை எதிர்த்து முறையிட்டனர். ஒருத்தியின் வாழ்வும் வழிபாடும் தோய்ந்த பொருள், கடைச்சரக்காகக் குவியலாமோ என்று அவர்கள் உள்ளம் கொதித்தனர். ஐந்து டாலர்ப் பேரத்தில் எழுந்த கேள்வி நூறாண்டு கடந்தும் தீரவில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

2021-ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் காட்சிச்சாலையில் அமெரிக்கப் போர்வைகளின் வரலாற்றைக் காட்டும் கண்காட்சி தொடங்கியது. வாஷிங்டனிலிருந்து முதற்போர்வை அங்கே கொண்டுவரப்பட்டது. இரு போர்வைகளும் ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது அதுவே முதன்முறை. வேறு வேறு இல்லங்களில் வளர்ந்த உடன்பிறந்தார் இருவர் முதன்முறை சந்தித்தாற்போன்று அவை நின்றன. காண வந்தோர் பல்லாயிரவர். அவற்றைத் தைத்தவர்க்கோ, தாம் விற்ற ஒன்றைக் காண்பதற்கும் பிறர் வீட்டு வாயிலிற் சென்று நிற்க நேர்ந்தது.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! நினைவு என்பது மனத்தளவில் நிற்பின் மனிதனோடு மடியும். அதற்கோர் உடல் வேண்டும். அவ்வுடல் பொன்னாலும் கல்லாலும் ஆகவேண்டும் என்பதில்லை. கந்தற்றுணியாலும் ஆகலாம் என்பதை ஹாரியட் பவர்ஸ் அம்மையார் காட்டினார். தாம் கற்ற வேதத்தையும், தம் மக்கள் பட்ட துயரையும், முதியோர் வாய்மொழியையும், வானத்தின் விந்தையையும் ஒரே விரிப்பில் அமைத்து, அவையனைத்தும் இறைவன் ஆட்சியில் அடங்குவன என்று ஊசியால் உரைத்தார்.

நம் இல்லங்களிலும் பாட்டியரும் அன்னையரும் தம் கைகளாற் செய்து வைத்த பொருள்கள் பல உள. அவற்றின் பொருளை அவர்கள் வாயாலேயே கேட்டு, அவர்கள் பெயரோடு எழுதிவைத்தல் கற்றாராகிய நம் கடன். கேளாது விடின், பிற்காலத்தார் அவர்களைக் கல்லாதார் என்றும் கருத்தில்லார் என்றும் எளிதிற் சொல்லிவிடுவர். அம்மையாருக்கு அப்பழி நீங்க ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. நம் அன்னையர்க்கு அத்துணைக் காலம் ஆகாதிருக்க நாம் இன்றே கேட்போமாக.